தண்ணீர்ப் பந்தல் போடுமுன் தண்ணீரைச் சோதித்தீர்களா?

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் நம் வணிகர் சங்கக் கிளைகள் முதலில் கையில் எடுக்கும் நற்பணி தண்ணீர்ப் பந்தல்தான். கடைவீதி முனையில் நான்கு கம்பு நட்டு, தென்னங்கீற்று வேய்ந்து, மணல் பரப்பி அதன்மேல் மண்பானைகளை வைத்து, சங்கத் தலைவர் கையால் முதல் குவளையை வழங்கித் தொடங்கி வைக்கிறோம். வழிப்போக்கர் குடித்துவிட்டு "நல்லா இருங்க" என்று வாழ்த்திச் செல்லும்போது நம் மனம் குளிர்கிறது. இந்த நற்பணி தொடர வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பானையில் ஊற்றும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதில் என்ன கரைந்திருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நானும் கேட்டதில்லை. கேட்க வைத்தது ஓர் ஐந்து ரூபாய் நாணயம்.

தருமபுரி மாவட்டத்தில் மளிகைக் கடை நடத்துபவன் நான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் எங்கள் பக்கம் வருவதற்கு முந்தைய காலம் அது. கடைக்குப் பின்புறம் ஆழ்துளைக் கிணறு போட்டிருந்தேன். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீர். உப்புக் கரிக்காது, வாடை இருக்காது. கடை வாசலில் ஒரு குழாய் வைத்து, சந்தைக்கு வருவோர், பஸ்ஸுக்குக் காத்திருப்போர், பள்ளிப் பிள்ளைகள் என எல்லோருக்கும் இலவசமாக விட்டேன். கோடை தவறினாலும் என் குழாய் தவறாது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒருநாள் வழக்கமாகச் சாமான் வாங்கும் விவசாயி ஒருவர் மீதிச் சில்லறையை வாங்கும்போது ஐந்து ரூபாய் நாணயம் தவறிக் கீழே விழுந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "குனிய முடியல அண்ணே, கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்றார். அவருக்கு அப்போது ஐம்பது வயதுகூட ஆகவில்லை. சாமான் வாங்க வந்திருந்த கிராமச் சுகாதாரச் செவிலியர் இதைக் கவனித்துவிட்டு, "தாடையை நெஞ்சில தொடுங்க பார்க்கலாம்" என்றார். முடியவில்லை. "இரண்டு கையையும் தூக்கிப் பிடரிக்குப் பின்னால கோத்துக் காட்டுங்க" என்றார். அதுவும் முடியவில்லை. "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டார். "ஊர்ல போர் தண்ணி. இங்க வந்தா அண்ணன் குழாயிலதான்" என்றார் அவர்.

செவிலியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுநாளே ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். முடிவு வந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவைப்போல் ஏறத்தாழ இருமடங்கு புளோரைடு. அன்று மாலையே குழாயை மூடினேன். தர்மம் என்று நினைத்துக்கொண்டு எத்தனை பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்தோம் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. அந்த நாளுக்குப் பிறகு படித்தும், அறிந்தவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை வணிகப் பெருமக்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

புளோரைடு எங்கிருந்து வருகிறது?

இரசாயனக் கலப்பு என்றதும் தொழிற்சாலைக் கழிவுதான் நம் நினைவுக்கு வரும். புளோரைடு விஷயத்தில் பெரும்பாலும் குற்றவாளி பாறை. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம் முழுவதும் கருங்கல் பாறைப் பூமி. அப்பாறைகளில் உள்ள அப்படைட், கருப்பு அபிரகம், ஹார்ன்பிளெண்டு போன்ற கனிமங்களில் புளோரைடு அடங்கியிருக்கிறது. மழைநீர் பாறை இடுக்குகளில் இறங்கி ஆண்டுக்கணக்கில் தங்கும்போது அது சிறிது சிறிதாகக் கரைகிறது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவாகவும் காரத்தன்மை அதிகமாகவும் இருந்தால் இன்னும் வேகமாகக் கரையும்.

நம் முன்னோர் குடித்தது ஏரித் தண்ணீர், திறந்த கிணற்றுத் தண்ணீர். மழை பெய்தால் அது புதுத் தண்ணீராகும். ஏரிகள் தூர்ந்து கிணறுகள் வற்றியபின் நாம் நூறு அடி, முந்நூறு அடி, ஐந்நூறு அடி என்று துளையிட்டுக்கொண்டே போனோம். ஆழம் போகப் போக, பாறையோடு நெடுங்காலம் உறவாடிய தண்ணீர்தான் மேலே வரும். பாறை கொடுத்ததுதான் புளோரைடு என்றாலும், அதைத் தேடிப்போய் எடுத்துக் குடித்தவர்கள் நாம் என்பதையும் மறந்துவிடலாகாது.

தொண்ணூறு ஆண்டுக்கு முந்தைய எச்சரிக்கை

இந்நோயை இந்தியாவில் முதன்முதலாக 1937-இல் அடையாளம் கண்டது அன்றைய சென்னை மாகாணத்தில்தான். நெல்லூர் மாவட்டத்தில் உழவு மாடுகள் மூட்டு இறுகி நடக்க முடியாமல் போவதை விவசாயிகள் கவனித்தனர். பிறகு மனிதர்களிடமும் அதே இறுக்கம் தெரிந்தது. ஷார்ட் என்ற ஆங்கிலேய மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்து, குடிநீரில் உள்ள புளோரைடே காரணம் என்று அறிவித்தனர்.

அதற்கு முன்பே அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் பல் மருத்துவம் செய்ய வந்த பிரடெரிக் மெக்கே, அவ்வூர் மக்களின் பற்களில் பழுப்புக் கறை இருப்பதை 1901-இல் கண்டு வியந்தார். காரணம் தெரிய முப்பது ஆண்டுகள் ஆயின. 1931-இல் சர்ச்சில் என்ற வேதியியல் அறிஞர் தண்ணீரில் புளோரைடு இருப்பதைக் கண்டுபிடித்தார்.

அந்த ஆராய்ச்சியில் இன்னொன்றும் தெரிய வந்தது. மிகச் சிறிய அளவில் புளோரைடு இருந்தால் பல் சொத்தையாவது குறைகிறது. அதனால் 1945 முதல் அமெரிக்க நகரங்கள் சிலவற்றில் குடிநீரில் புளோரைடை அளந்து சேர்க்கத் தொடங்கினர். அங்கே இல்லாததால் சேர்க்கிறார்கள். இங்கே மிகுந்துவிட்டதால் நீக்க வழி தேடுகிறோம். எந்தச் சரக்கும் அளவோடு இருந்தால்தான் சரக்கு என்பது வணிகருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மில்லிகிராம் கணக்கு

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரக் குறியீட்டின்படி, ஒரு லிட்டர் தண்ணீரில் 1 மில்லிகிராம் வரை புளோரைடு ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பும் 1.5 மில்லிகிராம்தான்.

ஒரு மில்லிகிராம் என்றால் நம் தராசு அசையக்கூட அசையாது. ஆனால் பேரேட்டில் சிறு தொகை சேர்ந்து பெருந்தொகை ஆவதுபோல்தான் இதுவும். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள தண்ணீரை, வெயிலில் உழைக்கும் ஒருவர் நாளொன்றுக்கு 4 லிட்டர் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 12 மில்லிகிராம், ஓராண்டுக்கு 4.38 கிராம்; இருபது ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 88 கிராம். இந்தத் தண்ணீரிலேயே சோறு, குழம்பு, தேநீர் வைப்பதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். உடலில் ஏறும் புளோரைடில் பெரியவர்களுக்கு ஏறக்குறையப் பாதி எலும்பிலேயே தங்கிவிடுகிறது. வளரும் குழந்தைகளுக்குத் தங்குவது இன்னும் அதிகம். வரவு உண்டு, செலவு குறைவு. இருப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

குளிர்நாட்டில் இருப்பவரைவிட நாம் அதிகத் தண்ணீர் குடிக்கிறோம். ஆகவே அதே அளவு புளோரைடு நமக்குக் கூடுதல் தீங்கு செய்யும். கோடையில் நாம் வைக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கு இந்தக் கணக்கு மிகவும் பொருந்தும்.

பல்லில் தொடங்கி எலும்பில் முடிகிறது

முதல் அடையாளம் பல்லில் தெரியும். ஈறுக்குள் நிலைப்பல் உருவாகிக்கொண்டிருக்கும் சுமார் எட்டு வயதுக்குள் புளோரைடு மிகுந்த தண்ணீர் குடித்தால், முளைக்கும் பல் பளபளப்பு இழந்து சுண்ணாம்பு பூசியதுபோல் இருக்கும். பிறகு மஞ்சள், பழுப்பு, கருப்புக் கோடுகள் குறுக்காகத் தோன்றும். இது வெற்றிலைக் கறை அல்ல. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஏனெனில் கறை பல்லின் மேல் ஒட்டவில்லை, பல்லோடு சேர்ந்தே வளர்ந்திருக்கிறது.

எங்கள் கடைக்கு வரும் பள்ளிப் பெண்கள் சிலர் சிரிக்கும்போது தாவணி முனையாலோ கையாலோ வாயை மறைப்பார்கள். நான் அதை வெட்கம் என்று நினைத்திருந்தேன். பல் கறை காரணமாகப் பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போவதும், வெளியூர் வேலைக்குப் போன பிள்ளைகளைப் "பல் விளக்குவதில்லையா?" என்று கேலி செய்வதும் எங்கள் பகுதியில் பழகிப்போன வேதனைகள்.

அடுத்தது எலும்பு. தொடக்கத்தில் கழுத்து, முதுகு, மூட்டுகளில் வலி. வாதம் என்று எண்ணித் தைலம் தேய்ப்பார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல மூட்டுகள் இறுகும். தசைநார்கள்கூடச் சுண்ணாம்பேறிக் கெட்டியாகும். முற்றிய நிலையில் முதுகு வளைந்து, நரம்பு நசுங்கி, கை கால் செயலிழப்பதும் உண்டு. அன்றைய ஆந்திரத்தின் நல்கொண்டா பகுதியில் பிள்ளைகளின் முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டும்படி கால் வளைந்துபோனதை, ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன மருத்துவர்கள் 1973-இல் உலகுக்கு எடுத்துக்காட்டினர். பால், ராகி, கீரை போன்ற சுண்ணாம்புச் சத்துள்ள உணவு கிடைக்காத ஏழைக் குழந்தைகளையே இது கடுமையாகத் தாக்குகிறது.

முற்றிய எலும்பு நோய்க்கு மருந்து இல்லை. தொடக்க நிலையில் தண்ணீரை மாற்றி உணவைச் சீராக்கினால் வலி குறையும். ஆகவேதான் செவிலியர் கேட்ட அந்த மூன்று சோதனைகள் முக்கியமானவை. முழங்காலை மடக்காமல் குனிந்து நாணயத்தை எடுக்க முடிகிறதா? தாடை நெஞ்சைத் தொடுகிறதா? கைகளைப் பிடரிக்குப் பின்னால் கொண்டுபோக முடிகிறதா? முடியாதவர்களை மருத்துவரிடம் அனுப்பி வையுங்கள்.

காவிரி வந்தது, கவலை தீர்ந்ததா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களின் நெடுநாள் கோரிக்கை ஒகேனக்கல் திட்டம். 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டபோது கர்நாடகத்தில் எதிர்ப்பு எழுந்து, இரு மாநிலங்களுக்கிடையே பதற்றம் ஏற்பட்டதை எல்லையோர வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, சுமார் 1,928 கோடி ரூபாய் மதிப்பீட்டில் நிறைவேற்றப்பட்ட இத்திட்டம் 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே புளோரோசிஸ் பாதிப்பைத் தணிப்பது என்ற நோக்கமும் சேர்க்கப்பட்டுள்ளது.

இது பெரும் சாதனை. ஆனால் குழாயில் காவிரி வருகிறது என்பதாலேயே எல்லோரும் காவிரியைக் குடிக்கிறார்கள் என்று பொருள் அல்ல. திட்ட நீர் போதாத நாட்களில் ஆழ்துளைக் கிணற்று நீரை மேல்நிலைத் தொட்டியில் கலந்துவிட்டால், குழாயைத் திறப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. வீட்டில் குழாய்த் தண்ணீர் குடிக்கும் விவசாயி, தோட்டத்தில் வேலை செய்யும் நாளெல்லாம் பம்புசெட்டுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார். உணவு விடுதியிலும் டீக்கடையிலும் எந்தத் தண்ணீர் பயன்படுகிறது என்பது அந்தக் கடைக்காரர் மனசாட்சிக்கு மட்டுமே தெரியும்.

காய்ச்சினால் போதாதா?

போதாது. இது பலரும் செய்யும் தவறு. காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு சாகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட, மீதித் தண்ணீரில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். பிளீச்சிங் பவுடர் போட்டாலும், துணியில் வடிகட்டினாலும், சாதாரண மெழுகுவர்த்தி வடிகட்டியில் விட்டாலும் புளோரைடு போகாது.

நீக்கும் வழிகள் உண்டு. படிகாரம், சுண்ணாம்பு இரண்டையும் அளவாகச் சேர்த்துக் கலக்கித் தெளிய வைக்கும் முறையை நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1970-களில் உருவாக்கியது. நல்கொண்டா முறை என்று அதற்குப் பெயர். இரண்டும் நம் கடையில் கிடைக்கும் சரக்குதான் என்றாலும், தண்ணீரின் தன்மைக்கு ஏற்ப அளவு மாறும். கைக்கு வந்தபடி படிகாரத்தைப் போட்டால் அலுமினியம் தண்ணீரில் தங்கிவிடும். வல்லுநர் ஆலோசனையின்றிச் செய்யலாகாது. கிளர்வூட்டிய அலுமினா நிரப்பிய வடிகட்டி மற்றொரு வழி. அதை உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும். ஆர்.ஓ. இயந்திரமும் புளோரைடை நீக்கும். ஆனால் அது ஒதுக்கித் தள்ளும் கழிவுநீரில் புளோரைடு செறிந்திருக்கும். அதைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தக் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட எளிய வழி மழைநீர். அதில் புளோரைடு இல்லை என்றே சொல்லலாம். தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. அன்று அதிகாரிக்குக் காட்டுவதற்காகக் குழாய் பொருத்தியவர்கள், அக்குழாய் இன்று எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

நம் கடைச் சரக்கில் கவனிக்க வேண்டியவை

புளோரைடு தண்ணீரில் மட்டும் இல்லை. தேயிலைச் செடி மண்ணிலிருந்து புளோரைடை இழுத்து இலையில் சேர்த்து வைக்கும். முற்றிய இலையில் அது அதிகம். கெட்ட தண்ணீரில் திக்கான தேநீர் என்றால் இரட்டைச் சுமை. பாக்கு, கருப்பு உப்பு எனப்படும் காலா நமக் ஆகியவற்றையும் பாதிக்கப்பட்ட பகுதியினர் தவிர்க்க வேண்டும் என்று இத்துறை வல்லுநர்கள் கூறுகின்றனர். பற்பசையை விழுங்கிவிடும் சிறு குழந்தைகளுக்கு, இப்பகுதிகளில் புளோரைடு கலவாத பற்பசையே ஏற்றது. கேட்டு வரும் தாய்மாருக்கு அட்டையைப் படித்துச் சொல்லிக் கொடுப்பதும் வணிகம்தான்.

புளி வியாபாரிகளுக்கு ஒரு நற்செய்தி. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் பள்ளிச் சிறுவர்களுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் புளி வீதம் 18 நாட்கள் கொடுத்துப் பார்த்ததில், சிறுநீர் வழியே வெளியேறும் புளோரைடு கூடியதாக 2002-இல் அறிவித்தனர். ஆனால் இதை வைத்துப் "புளோரைடு நோய்க்கு மருந்து" என்று விளம்பரப் பலகை எழுதிவிட வேண்டாம். புளி துணை செய்யலாம். தண்ணீரை மாற்றுவதுதான் வழி.

கேன் தண்ணீர் விற்கும் நண்பர்கள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். அடைத்து விற்கும் குடிநீருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2001 முதல் கட்டாயமாக இருந்து, 2024 அக்டோபரில் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. ஆயினும் உணவுப் பாதுகாப்பு உரிமம் கட்டாயமே. உரிம எண், தயாரித்த தேதி, தயாரித்தவர் முகவரி இல்லாத கேனை லாபம் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று இறக்காதீர்கள். முத்திரை ஒட்டிய மூடியும் கலங்கலற்ற தண்ணீரும் புளோரைடு இல்லை என்பதற்குச் சாட்சி ஆகமாட்டா. ஆய்வு அறிக்கையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கங்கள் செய்ய வேண்டியவை

1. தண்ணீர்ப் பந்தல் தொடங்குமுன், பயன்படுத்தப் போகும் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டபின், அதே தண்ணீரால் நன்கு அலசிய பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, இடமும் தேதியும் எழுதி ஒட்டிக் கொடுக்க வேண்டும்.

2. சோதனை முடிவைப் பந்தலிலேயே எழுதி வைக்க வேண்டும். விலைப்பட்டியல் வைப்பது நமக்குப் பழக்கம்தானே!

3. கடைவீதியில் பொதுப் பயன்பாட்டில் உள்ள ஆழ்துளைக் கிணறுகளை ஆண்டுக்கு இருமுறை, கோடையிலும் மழைக்குப் பின்பும், சோதிக்க வேண்டும். வரம்பை மீறினால் "குடிக்க வேண்டாம்; பிற உபயோகத்துக்கு மட்டும்" என்று தடித்த எழுத்தில் எழுதிவிட வேண்டும்.

4. உணவு விடுதி, டீக்கடை உறுப்பினர்கள் சமையலுக்கும் நல்ல தண்ணீரையே பயன்படுத்துவது என்று கிளைக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.

5. பள்ளிகளில் குழந்தைகளின் பற்களைப் பரிசோதிக்கும் முகாம் நடத்த உதவலாம். பிள்ளைகளின் பல்தான் அந்த ஊர்த் தண்ணீரின் ஆய்வு அறிக்கை.

சோதனைக்கு ஆகும் செலவு, பந்தலுக்கு நாம் கட்டும் தோரணச் செலவைவிடக் குறைவு. தெரியாமல் செய்த பிழையைக் கடவுளும் மன்னிப்பார், வாடிக்கையாளரும் மன்னிப்பார். தெரிந்தபின் செய்வதற்கு மன்னிப்பு இல்லை.

அந்த விவசாயி இன்றும் என் கடைக்கு வருகிறார். கைத்தடி ஊன்றி வருகிறார். அவர் எலும்பில் ஏறியது இறங்கவில்லை. சென்ற மாதம் பேரனை அழைத்து வந்திருந்தார். காவிரித் தண்ணீர் வந்தபின் பிறந்த பிள்ளை. கடலை மிட்டாயைக் கையில் கொடுத்ததும் அவன் வாய் நிறையச் சிரித்தான். அத்தனை பல்லும் வெள்ளை. "நம்ம காலத்துல கிடைக்காதது இவனுக்குக் கிடைச்சிருக்கு அண்ணே" என்றார் அவர்.

என் கடை வாசல் குழாய் மீண்டும் திறந்திருக்கிறது. இப்போது அதில் வருவது சோதித்த தண்ணீர்.